பெட்டி வாங்குவது சுலபம், மங்கை

அன்புள்ள மங்கை,

குடியிருப்புச் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராக்கிவிட்டார்கள் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். வகுப்புத் தலைவியாக உன் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போடுகிறவள் நீ. இப்போது தண்ணீர் மோட்டார், லிஃப்ட், வண்டி நிறுத்தும் சண்டை எல்லாம் உன் தலையில். நன்றாக வேண்டும்!

இங்கே எல்லோரும் சுகம். இவருடைய முழங்கால் வலி பரவாயில்லை. நடக்கச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. சின்னவள் வேலை மாறிவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை என்பதால் பகல் முழுக்க எங்களைப் பேசவிடாமல் கையைக் காட்டி அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் ஒருவர் ஏ.இ.டி. கருவி, அதாவது திடீரென்று இதயம் நின்றவருக்கு மின்சார ஷாக் கொடுக்கிற அந்தப் பெட்டி, வாங்கி வைக்கலாம் என்றாராம். இன்னொருவர் எழுந்து, "தெரியாதவன் ஷாக் கொடுத்து ஆள் போய்விட்டால் யார் பொறுப்பு?" என்றாராம். அதோடு பேச்சு நின்றுபோனதாம். நான் அந்தக் கருவிக்கும் மார்பை அழுத்தும் முதலுதவிக்குமான பயிற்சிக்குப் போய் வந்தவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறாய். வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சுவரில் மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தை அப்படியே பயிற்சிக்குச் செலவழியுங்கள்.

முதலில் அந்தப் 'பொறுப்பு' மனிதருக்கு ஒரு பதில். ஒருவர் சுருண்டு விழுந்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சும் ஒழுங்காக இல்லாமல் கிடந்தால், அவருடைய இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நாம் கைகட்டி நின்றால் அவருக்கு ஆகப்போவதைவிட மோசமாக எதையும் நாம் செய்துவிட முடியாது. அதோடு, ஷாக் தேவையா இல்லையா என்று முடிவெடுப்பது நாமே இல்லை. மார்பில் ஒட்டிய இரண்டு பேட்கள் வழியாகக் கருவியே இதயத்தின் மின்னோட்டத்தைப் படிக்கும். தேவையில்லை என்று அதற்குப் பட்டால் பட்டனை எத்தனை தரம் அழுத்தினாலும் ஷாக் வராது. உதவிக்கு வந்தவரைக் காக்கிற சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் சங்கத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார் என்றாயே, அவரை விட்டு உங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று நாலு வரி எழுதச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடு.

மாரடைப்பும் இதுவும் ஒன்று என்றுதான் பயிற்சிக்கு வந்திருந்த பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். மாரடைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் வியர்த்துக் கொட்டுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், ஆனால் பெரும்பாலும் நினைவோடு நம்மிடம் பேசுவார். இதயம் திடீரென்று நின்றுபோவது வேறு. இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, கீழறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். ரத்தம் வெளியே போகாது. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாரடைப்பே இதில் கொண்டுபோய் விடலாம், வேறு காரணங்களாலும் வரலாம். 2021 யூரோ கால்பந்துப் போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்தாரே, அது இதுதான். வயது 29. அங்கேயே மார்பை அழுத்தி, ஷாக் கொடுத்தார்கள். மறு வருடமே அவர் மறுபடி ஆட வந்துவிட்டார்.

ஷாக் அந்த நடுக்கத்தை ஒரு கணம் மொத்தமாக நிறுத்துகிறது. அதன்பின் இதயம் தன் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. சினிமாவில் திரையில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுப்பார்களே, அது சுத்தப் பொய். நேர்கோடு என்றால் நிறுத்துவதற்கு நடுக்கமே இல்லை. ஷாக்கால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. பயிற்சி தந்த டாக்டருக்கு இந்தக் காட்சிகள்மேல் அவ்வளவு கோபம்.

இதில் எல்லாமே நேரம்தான். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் அதற்குள் வந்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, உங்கள் ஆறாவது மாடிக்கு ஏறிவிடும் என்று நம்ப முடியாது. மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு பாதியாவது மெதுவாகும்.

நேரத்தின் அருமையை அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் பார்த்தார்கள் என்றால் நம்புவாயா? அங்கே கூரையெல்லாம் கேமரா. ஆள் எந்த நொடியில் விழுந்தார், எந்த நொடியில் ஷாக் போனது என்று துல்லியமாகக் கணக்கெடுக்க முடிந்தது. காவலர்களுக்குப் பயிற்சியும் கருவியும் கொடுத்திருந்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வில், இப்படி நடுங்கும் இதயத்தோடு, யாரோ பார்த்திருக்கும்போதே விழுந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். அப்புறம் சிகாகோ விமான நிலையங்களில் கருவிகளை ஒன்றரை நிமிட வேகநடைத் தூரத்துக்குள் இருக்கும்படி வைத்தார்கள். அங்கே ஆட்களைக் காப்பாற்றியவர்களில் பலர் அதற்குமுன் ஏ.இ.டி.யைக் கையாளப் பழகியதே இல்லை. பெட்டியைத் திறந்ததும் அதுவே பேசி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு உடனே ஆர்டர் போட்டுவிடாதே. சூதாட்ட விடுதியில் எந்நேரமும் ஆயிரம் கண் இருக்கும். நம் வீட்டில்? பெரும்பாலும் இதயம் நிற்பது வீட்டுக்குள்தான், பத்தில் ஏழு என்கிறார்கள். பக்கத்தில் இருப்பது மனைவியோ கணவனோ பேரனோ. கருவி வரும்வரை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. டென்மார்க்கில் மார்பை அழுத்தும் முதலுதவியைப் பள்ளிப் பாடத்திலும் ஓட்டுநர் உரிமத்துக்கான பயிற்சியிலும் கட்டாயமாக்கினார்கள். 2001இல் இதயம் நின்று விழுந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் மார்பை அழுத்தினார்கள். 2010இல் அது கிட்டத்தட்ட பாதிப்பேர் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். மூன்று மடங்கு! ஆனாலும் நூற்றுக்குப் பதினொன்றுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு. கருவி வந்துவிட்டால் யாரும் சாகமாட்டார்கள் என்று கூட்டத்தில் எவரும் பேசிவிடக் கூடாது.

பயிற்சியில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. டாக்டர் தரையில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். நடுவே ஒரு குறட்டைச் சத்தம். "நான் மூச்சு விடுகிறேனா?" என்றார். எல்லோரும் "ஆமாம்" என்றோம். "இல்லை, இது சாகிறவனின் திணறல். இதைப் பார்த்து மூச்சு வருகிறது என்று காத்திருந்துதான் பல பேரை விட்டுவிடுகிறோம்" என்றார். இதை மட்டுமாவது உன் கூட்டத்தில் நடித்துக் காட்டு. உனக்கு நாடகம் வரும்.

அப்புறம் பொம்மைமேல் அழுத்தினோம். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்த வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் மார்பு முழுசாக மேலே எழ விட வேண்டும். போதுமான ஆழம் போனால் பொம்மைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் பட்ட பாடு! இரண்டு நிமிடத்தில் தோள் கழன்றுவிடுகிறது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறார்கள். வாயோடு வாய் வைத்து ஊதப் பழகாதவர்கள், பெரியவர்கள் விழுந்தால் வெறும் அழுத்தலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் ஒரு இளைஞர் ஆண் பொம்மையை அழகாக அழுத்தினார். பெண் பொம்மை வந்ததும் பேட் ஒட்ட மேலாடையை வெட்ட வேண்டும் என்றதும் கத்தரிக்கோலைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டிவிட்டார். இது அவர் ஒருவர் கூச்சம் இல்லை. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகத்தான் உதவி கிடைக்கிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. மங்கை, நீ செயலாளர், நீ பெண். கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் விழுந்தால் தயங்காமல் வெட்டுங்கள்" என்று சொல்லிவிடு. மற்றவர்கள் வாய் தானாகத் திறக்கும்.

பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். மாலை ஏழு மணிக்குப் பூட்டுகிற சங்க அலுவலகத்துக்குள் வேண்டவே வேண்டாம். கோபன்ஹேகனில் கணக்குப் பார்த்தபோது, கட்டடங்கள் பூட்டப்படும் மாலை, இரவு, வார இறுதி நேரங்களில் இதயம் நின்றபோது கருவி எட்டும் தூரத்தில் இருந்த சம்பவங்கள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன. இவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் கருவி கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருக்கும். சாவி மேலாளரின் மேஜையில். மேலாளர் பாதிநாள் வெளியூரில். திருட்டுப் பயம் என்பார்கள். திறந்தால் அலறுகிற பெட்டி கிடைக்கிறது, பூட்டு எதற்கு? வாசல் காவலர் அறைக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில் வை. அப்புறம் கையில் கடிகாரத்தோடு உன் பேரனைக் கடைசிக் கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து ஓடிவந்து எடுத்துப் போகச் சொல். மூன்று நிமிடம் தாண்டினால் இடம் சரியில்லை, அல்லது ஒன்று போதாது.

பேட்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, அவற்றில் தடவியிருக்கும் பசை காய்ந்துவிடும். பேட்டரியும் தீரும். தயார்நிலையைக் காட்டும் விளக்கை மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும், ஊர்கூடிப் பார்த்துக்கொள்ளும் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். கூடவே கத்தரிக்கோல், ஒரு ரேசர், துண்டு. ஈர மார்பிலும் அடர்ந்த முடியிலும் பேட் ஒட்டாது.

காவலர்களுக்கு முதலில் பயிற்சி கொடு, இரவுக் காவலருக்கு அதற்கும் முன்னால். இன்னொன்று: அவர்களில் யாராவது முழு மூச்சாக அழுத்தியும் ஆள் பிழைக்காமல் போனால், மறுநாள் அவரோடு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். தன் கையால்தான் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டு திரிவார். பயிற்சியில் இதை அரை நிமிடத்தில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

கூட்டம் முடிந்ததும் என்ன முடிவானது என்று எழுது. பயிற்சி நாள் குறித்தால் சொல், பஸ் ஏறி வந்துவிடுகிறேன். 'யார் பொறுப்பு' என்று கேட்டவரை அன்றைக்கு முன்வரிசையில் உட்கார வை. முதல் பொம்மை அவருக்குத்தான்.

அன்புடன்,
கௌரி