பலாலியில் இறங்காமல் திரும்பிய விமானி

ஆசிரியர் அவர்களுக்கு,

கார்த்திகை மழை பிடித்துவிட்டது. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சின்ன விமானத்தில் போய்வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன வருடம் இதே மாதம் அம்மாவின் திவசத்துக்குப் புறப்பட்டேன். விமானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியை நெருங்கும்போது வெளியே ஒன்றும் தெரியாத மழை. ஒரேயொரு தடவை, கைக்கெட்டும் கிட்டத்தில், பனை வட்டுகள் தெரிந்து மறைந்தன. சக்கரம் நிலத்தில் முட்டப்போகிறது என்று நினைத்த நேரம் இயந்திரம் இரைந்தது, விமானம் மேலே ஏறியது. இன்னொரு தரம் முயன்று பார்த்த விமானி, இரத்மலானைக்கே திருப்பிவிட்டார்.

இறங்கியதும் ஒருவர், "இவ்வளவு காசு குடுத்து ஏறினது திரும்பி வாறதுக்கோ?" என்று விமானியின் முகத்துக்கு நேரே கத்தினார். அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இராது. சட்டைக் கழுத்து வியர்வையில் ஊறியிருந்தது. தலையைக் குனிந்து "சொரி, சொரி" என்றார். திவசம் தவறிய கோபத்தில் நானும் அவருக்காக வாய் திறக்கவில்லை.

பிறகுதான் தாய்வான் விபத்தைப் பற்றி வாசித்தேன். 2014 ஜூலை 23, சூறாவளி கடந்துபோன மாலை. காவ்சியுங்கிலிருந்து மாகோங் தீவுக்கு 58 பேருடன் போன ஏடிஆர் 72 விமானம். அங்கே ஓடுபாதையைக் கண்ணால் காணாமல் 330 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. காணாமலே இறக்கினார்கள். ஏறத்தாழ 200 அடியிலும் ஓடுபாதையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேலே எழுப்ப நினைத்தபோது நேரம் கடந்துவிட்டது. மரங்களில் மோதி ஊர்மனைகளுக்குள் விழுந்தது. 48 பேர் போய்விட்டார்கள். எங்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் 1978 நவம்பர் 15 இரவு, இடிமழையில் இறங்க வந்த ஹஜ் யாத்திரிகர் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள்.

அந்தத் தம்பி இறங்காமல் விட்டபடியால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

ஆனால் அன்று மறுநாள் பயணத்துக்கு எங்களிடம் மேலதிகமாகக் காசு கேட்டார்கள். சனம் விமானியில் பாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் நான் கேட்பது இதுதான்: வானிலையால் திரும்பிய பயணிக்கு அடுத்த பயணம் இலவசம் என்று விதி செய்யுங்கள். திரும்பிய காரணத்தைப் பயணிகளுக்குச் சொல்ல, விமானியைத் தனியே விடாமல், நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒருவர் வந்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.