நேராக்குவதற்கு முன் ஒரு மாதம்

புதுச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. முடியை நேராக்கிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாய். உன் முடி, உன் இஷ்டம். ஆனால் கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று பூசுகிறார்களே, அதில் சில மருந்துகள் சூடான அயர்ன் பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியை விடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. அதனால் முதலில் ஒரு மாதம் நான் சொல்வதைச் செய்து பார்.

உன் முடியில் குறை ஒன்றும் இல்லை, வறண்டு கிடக்கிறது. முடியின் மேற்பரப்பு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சுருட்டை முடியில் தலையில் சுரக்கும் எண்ணெய் அத்தனை வளைவையும் தாண்டி நுனிக்கு இறங்காது. காய்ந்த நுனியில் செதில் தூக்கிக்கொள்ளும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து உப்பும். நீ இங்கே பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முடி பம்மென்று எழும்புவது கடல் காற்றின் ஈரத்தால்தான். பெங்களூரில் உன் குடியிருப்பின் போர் தண்ணீரும் சுண்ணாம்பைப் படிய வைத்து இன்னும் சொரசொரப்பாக்கும்.

வேண்டியது வழவழப்பு. இங்கே என்றால் ஒற்றைச் செம்பருத்தி இலை நாலைக் கசக்கினாலே போதும். அடுக்குமாடியில் அதற்கு எங்கே போவாய்? ஆளிவிதை வாங்கு. கால் கப் விதைக்கு 2 கப் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இரு. முட்டை வெள்ளைக்கரு பதம் வந்து, கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்கும்போது அடுப்பை அணை. சூட்டோடு வடிகட்டிவிடு, ஆறினால் கெட்டியாகி விதையை விட்டுப் பிரியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். வாடை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடு.

தலை குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நுனிப்பாதிக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. அது முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். குளித்த பிறகு எண்ணெயைப் பூசிப் பிசுக்காக்குவதைவிட இதுதான் நல்லது. அலசி முடித்து, முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஆளிவிதைக் கூழைக் கையில் எடுத்து நுனியிலிருந்து மேலே கசக்கி விடு. துவாலையால் தேய்க்காதே. பழைய பருத்தி பனியன் துணியில் ஒற்றியெடு. காயும்வரை சீப்பு வேண்டாம். சிக்கெடுப்பதெல்லாம் கூழ் பூசுவதற்கு முன்பே, ஈரத்திலேயே, அகலப் பல் சீப்பால்.

வெந்தயமும் நல்லதுதான். ஆனால் அரைத்த விழுதை அப்படியே அப்பினால் சுருளுக்குள் துகள் மாட்டிக்கொண்டு அலசி மாளாது. ஊறவைத்து அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்த சாறு மட்டும் போதும். உன் அறைத்தோழிக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றாயே, அவளுக்கு வெந்தயம் கொடுக்காதே, அதுவும் சேராமல் போகலாம்.

சமையலறையில் இருப்பதெல்லாம் தலைக்கு ஆகாது. ஆப்ப சோடா காரத்தன்மை உள்ளது, செதிலை இன்னும் தூக்கிவிடும். எலுமிச்சைச் சாறு அப்படியே தேய்த்தால் தலை எரியும். போர் தண்ணீருக்கு, ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கடைசி அலசலுக்கு ஊற்று, வாரம் ஒரு தடவை போதும். முட்டை போடுவதானால் பச்சைத் தண்ணீரில் அலசு, வெந்நீர் பட்டால் தலையிலேயே வெந்துவிடும். எதையும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்.

முதல் வாரமே எல்லாம் அடங்கிவிடாது. நுனி பிளந்த முடி இதற்கெல்லாம் ஒட்டாது, அதை மட்டும் ஒரு அங்குலம் வெட்டிவிடு. அப்புறம் குளித்து முடித்ததும் ஒரு போட்டோ அனுப்பு, கூழ் கூடுதலா குறைவா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா