ஐக்லர் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவில் சன்னிவேல், பாலோ ஆல்டோ பக்கம் ஐக்லர் வீடு, அதாவது ஜோசஃப் ஐக்லர் என்பவர் கட்டி விற்ற மாடியில்லாத பழைய வீடு, வாங்கியிருக்கும், வாங்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

உங்களில் சிலர் மனைக்காகத்தான் அந்த வீட்டை வாங்குகிறீர்கள். இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டுவது திட்டம். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பதினோரு வருடம் அப்படி ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் கார் ஷெட்டும் ஜன்னலே இல்லாத மரச்சுவரும்தான். "குடோன் மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. கதவைத் திறந்தால் தலைக்கு மேல் வானம். அதை ஏட்ரியம் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மாமியார் முற்றம் என்றே சொன்னார். மறுநாளே அங்கே வடகம் காய்ந்தது. டிசம்பர் காலையில் வெறுங்காலை வைத்தால் தரை வெதுவெதுப்பாக இருக்கும். கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது.

குறை இல்லையா என்றால், உண்டு. கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே இடைவெளி கிடையாது, அதனால் கோடையில் காயும். சமையலறைக்குத் தடுப்பு இல்லை. சாம்பார் தாளித்தால் தலையணை வரை மணக்கும். பழைய குழாய் ஒழுகினால் தரையை உடைக்க வேண்டும். சரி, அதெல்லாம் பணத்தால் தீரும்.

ஜோசஃப் ஐக்லர் கட்டடக் கலை படித்தவர் அல்ல. வெண்ணெய், முட்டை வியாபாரத்தில் இருந்தவர். 1940களில், புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த வீடு ஒன்றில் குடியிருந்து, அதில் சொக்கிப்போனவர். அப்புறம் நல்ல கட்டடக் கலைஞர்களை வைத்து, நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கலிபோர்னியாவில் சுமார் 11,000 வீடுகள் கட்டினார். வெள்ளையருக்கு மட்டும் என்று பல புறநகர்கள் இருந்த காலத்தில் நிறம் பார்க்காமல் விற்றார். வீடு கட்டுவோரின் தேசியச் சங்கம் பாகுபாட்டுக்கு எதிராக நிற்க மறுத்தபோது, 1958இல் அதிலிருந்து விலகினார். நம் நிறத்துக்காரர்கள் இதை மறக்கலாமா?

மாடி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீடுகளில் கூரையைத் தாங்குவது தூண்களும் உத்தரங்களும்தான். அதனால்தான் பின்சுவரைத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியாகவே விட முடிந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் மாடி இல்லாத வரைதான் அந்தக் கண்ணாடிக்கு அர்த்தம். எங்கள் பின்மனையில் இரண்டு மாடி வீடு ஒன்று எழும்பியது. அதன் படுக்கையறை ஜன்னல் நேராக அடுத்த வீட்டுப் பாட்டியின் கூடத்தைப் பார்த்தது. பாட்டி திரை வாங்கி மாட்டினார். நாங்கள் காலி செய்யும்வரை அது விலகி நான் பார்க்கவில்லை.

அப்பா அம்மாவுக்கு ஓர் அறை வேண்டுமா? பின்பக்கமோ பக்கவாட்டிலோ தரைமட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். உள்ளே இருக்கும் மகாகனி மரப் பலகைச் சுவருக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்காதீர்கள். இடிப்பதுதான் முடிவென்றால், அந்தப் பலகைகளையும் உருண்டை விளக்குகளையும் குப்பை லாரியில் ஏற்றிவிட வேண்டாம். பழைய வீட்டைப் பழையபடி செப்பனிட நினைக்கும் யாராவது இதே பேட்டையில் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
முன்னாள் வாடகைக்காரன்