பிரிச்சு குடுக்குற குப்பைய கலக்காம எடுத்துட்டுப் போங்க: மாநகராட்சி ஆணையருக்கு கோரிக்கை மனு

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

மக்கும் குப்பை தனியா மக்காத குப்பை தனியா குடுங்கன்னு சொன்னீங்க, நிறைய வீட்டுல ரெண்டு டப்பா வச்சு பிரிச்சுதான் குடுக்குறாங்க, ஆனா வாசலுக்கு வர்ற வண்டில ரெண்டும் ஒரே தொட்டிக்குள்ள போய் விழுது. அத கண்ணால பார்த்தவங்க அடுத்த வாரம் எதுக்கு பிரிக்கணும்? மக்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு திரும்பத் திரும்ப சொல்றத நாங்க ஏத்துக்கல, மாத்த வேண்டியது முதல்ல வண்டிய, அப்புறம் அந்த வண்டி ஓடுற டெண்டர.

கலந்துட்டா என்ன ஆகுதுன்னு உங்களுக்கு தெரியாதது இல்ல. ஈரம் பட்ட பேப்பரும் அட்டையும் மறுசுழற்சிக்கு ஆகாது, அழுத்துற லாரில பாட்டில் நொறுங்கி கண்ணாடித் தூள் உரத்துல கலந்துட்டா அந்த உரத்த எந்த விவசாயியும் வாங்க மாட்டார், பழைய போன் பேட்டரி நசுங்குனா லாரியே தீப்பிடிக்கலாம். பழைய அலுமினியத்த உருக்கி திரும்ப எடுக்குறதுக்கு, தாதுல இருந்து புதுசா எடுக்குறத விட சுமார் 95 சதவீதம் எரிசக்தி மிச்சம், அப்படிப்பட்ட பொருளும் சேர்ந்துதான் குப்பைக் கிடங்குக்கு போகுது.

இதுல நாங்க முக்கியமா கேக்குறது டெண்டர் பத்தி. எத்தன டன் கிடங்குல கொட்டுனாங்களோ அந்த எடைக்கு பில்லுன்னு ஒப்பந்தம் போட்டா, எடுக்குறவங்களுக்கு எடை கூடக் கூட லாபம். காய்கறிக் கழிவுல பெரும்பகுதி தண்ணிதான், அப்போ நம்ம வரிப்பணத்துல தண்ணிய லாரில ஏத்தி ஊர் எல்லைக்கு கொண்டு போய் கொட்டிட்டு இருக்கோம்! ஒப்பந்ததாரர தனியா குறை சொல்லி பிரயோஜனம் இல்ல, பிரிச்சு எடுத்தா அவருக்கு வருமானம் குறையுற மாதிரி நாமதான் எழுதி வச்சிருக்கோம். புது டெண்டர்ல எத்தன வீட்டுல குப்பை எடுக்குறாங்களோ அந்தக் கணக்குக்கு பணம் குடுங்க, சுத்தமா பிரிச்ச ஈரக்குப்பை உரக்கூடத்துக்கு வந்தா அதுக்கு மேல குடுங்க, கிடங்குக்கு போற ஒவ்வொரு டன்னுக்கும் பணம் பிடிச்சுக்கோங்க. இந்த ஒண்ணு மாறுனாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரின்னு நாங்க நம்புறோம்.

வண்டிய பொறுத்தவரை ஈரக்குப்பை தினமும், காஞ்சது வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள்னு நாள் பிரிச்சுட்டா கலக்குறது ரொம்ப குறையும். நாப்கின், டயபர், ஊசி, பேட்டரி இதுக்கெல்லாம் தனிப் பெட்டி வேணும். கையுறை கூட இல்லாம இதுக்குள்ள கைய விடுற தூய்மைப் பணியாளர்களோட உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது, செலவு கணக்கு பார்த்து தள்ளிப் போடாதீங்க. குப்பை பொறுக்கி பிழைக்கிறவங்களுக்கு அடையாள அட்டையும் சம்பளமும் குடுத்து பிரிக்குற கூடத்துல வேலைக்கு எடுங்க, எந்த பிளாஸ்டிக் விலை போகும் எது போகாதுன்னு தொட்டுப் பார்த்தே சொல்றவங்க அவங்க. பல அடுக்கு ஒட்டுன பளபள பாக்கெட்ட எடுத்துக்க பெரும்பாலும் ஆளே கிடையாது, அதையும் மறுசுழற்சின்னு கணக்குல எழுதாம உள்ளத உள்ளபடி எழுதுங்க.

ஈரக்குப்பைய மலை மாதிரி குவிச்சு காத்து போகாம மூடுனா மீத்தேன் வரும், நூறு வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்சைட விட 28 மடங்கு அளவுக்கு பூமிய சூடாக்கும், கீழ இறங்குற கசிவுநீர் நிலத்தடி தண்ணிய கெடுக்கும். 2017 ஏப்ரல்ல கொழும்பு பக்கத்துல மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு வீடுகள் மேல விழுந்து 30 பேருக்கு மேல செத்தாங்க. அந்த நிலைமை எந்த ஊருக்கும் வரக்கூடாது.

தென்கொரியால 1995ல குப்பைப் பை அளவுக்கு ஏத்த கட்டணம்னு ஆரம்பிச்சு, 2005ல சாப்பாட்டுக் கழிவ நேரடியா நிலத்துல புதைக்கவே தடை போட்டாங்க. நடுவுல பத்து வருஷம் இருக்கு பாருங்க. அதனால எடுத்தவுடனே அபராதம் வேணாம் ஐயா, வண்டியும் கூடமும் சரியா ஓடட்டும், இல்லன்னா ராத்திரியோட ராத்திரியா காலி மனைலயும் வாய்க்கால்லயும் கொட்டிட்டுப் போவாங்க.

முதல்ல சில வார்டுல ஆரம்பிங்க. உரத்துக்கு எவ்வளவு, மறுசுழற்சிக்கு எவ்வளவு, கிடங்குக்கு எவ்வளவுன்னு வார்டு வாரியா மாசாமாசம் போர்டுல எழுதிப் போடுங்க. இப்ப இருக்குற ஒப்பந்தம் எப்ப முடியுது, புது டெண்டர் விதிகள எழுதுறதுக்கு முன்னாடி மக்களையும் தூய்மைப் பணியாளர்களையும் கூப்பிட்டு எப்ப பேசுவீங்க, இந்த ரெண்டுக்கும் எழுத்துல பதில் தரும்படி கேட்டுக்கிறோம்.

இப்படிக்கு,
நகரவாசிகள்