சித்தப்பாவின் டீ கிளாஸ்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உன் மனநல வார்டில் நன்றாகி வீட்டுக்குப் போன பையன் மூன்றே வாரத்தில் பழையபடி வந்து நிற்கிறான் என்றாய். "வீட்டில மாத்திரையே கொடுக்கலைம்மா, என்ன ஜனங்க இவங்க" என்று கோபப்பட்டாய். ராத்திரி பகல் பார்க்காமல் நீ பார்த்த பையன், கோபம் வராமல் இருக்குமா? ஆனால் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நீ திட்டிய ஜனங்களில் நாங்களும் ஒருத்தர் என்று தோன்றியது. பால்வாடியில் பிள்ளைகள் தூங்குகிறார்கள், அதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

உன்னிடம் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். நம் மாட்டுக்கொட்டகையில் தெற்குப் பக்கத் தூண் இருக்கிறதே, லீவுக்கு வந்தால் நீ கொடி கட்டித் துணி காயப்போடும் தூண், அதில் உன் சித்தப்பாவை எட்டு மாசம் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தோம். உனக்கு அப்போது மூன்று வயசு. அப்பத்தா தன் பழைய சேலையைக் கிழித்து அவர் கணுக்காலில் சுற்றிவிட்டு, அதற்கு மேல்தான் சங்கிலியைப் பூட்டுவார். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அந்தத் துணியை அவிழ்த்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி சுற்றுவார். துணி மாற்றும்போதெல்லாம் காலில் புண் வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். பிள்ளைமேல் பாசம் இல்லாமல் கட்டவில்லை. ராத்திரியில் எழுந்து மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றார். பக்கத்து ஊரில் திருடன் என்று நினைத்து அடித்துப் போட்டுவிட்டார்கள். நானும் அப்பாவும் காட்டு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். யார் பார்த்துக்கொள்வது?

கோடாங்கி பார்த்தோம், தாயத்து கட்டினோம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இல்லை. இரண்டு பஸ் மாறணும். அவரைத் தனியாக அனுப்ப முடியாது, கூட ரெண்டு ஆள் வேணும், இரண்டு பேர் கூலியும் போச்சு. விடிகாலை கிளம்பினால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். மாத்திரை இலவசம்தான், போய் வருவது இலவசம் இல்லை. முதல் மாசம் போனோம், இரண்டாம் மாசம் கடன் வாங்கிப் போனோம், மூன்றாம் மாசம் நடவு வந்துவிட்டது. அந்த மாசம் மாத்திரையும் தீர்ந்துபோச்சு. உன் வார்டில் அந்தப் பையனின் அம்மாவைப் பார்க்கும்போது அந்த மூன்றாம் மாசத்தை நினைத்துக்கொள் தங்கம்.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் விடிகாலையில் தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மறுநாள் தாத்தா டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்தார். யாரிடமும் பேசவில்லை. மாடத்திலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். அந்தச் சங்கிலியைக் கிணற்றில் போட்டது நான்தான். யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. எங்களுக்கு அதைச் சொல்ல 28 உயிர் போக வேண்டியிருந்தது.

சங்கிலி போனதே தவிர நோய் போகவில்லை. அப்புறம் எட்டு ஒன்பது வருஷம் எப்படிப் போச்சென்று எழுத எனக்குத் தெம்பு இல்லை.

2010-க்கு அப்புறம்தான் அந்த பஸ் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், "டிவியில டாக்டர் வர்றாரு" என்று நீயும் உன் கூட்டாளிகளும் ஓடினீர்கள். சென்னையில் மனநல டாக்டர் சாரதா மேனன் அம்மா மனநோயாளிகளுக்காக 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று விட்ட பஸ். டாக்டர் சென்னையில் உட்கார்ந்து திரையில் பேசுவார், மாத்திரை பஸ்ஸிலேயே கிடைக்கும். கூலி போகவில்லை, பஸ் காசு இல்லை. சித்தப்பாவின் நோய்க்கு மனச்சிதைவு என்ற பேரையே நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டு மாசத்தில் சித்தப்பா காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல் அடங்கிவிட்டது. ராத்திரி தூங்கினார்.

அப்புறம் ஒருநாள் மாத்திரையைக் கூரையில் சொருகி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். ஒரு மாச மாத்திரை! நானும் உன்னைப்போலத்தான் கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸோடு வரும் பெண், நம் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான், அவள் கத்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணே, டீ குடிப்போமா" என்றாள். நான் கொண்டுவந்து கொடுத்தேன். சித்தப்பா கிளாஸைத் தூக்கினார். கை அப்படி நடுங்கியது. பாதி டீ வேட்டியில் கொட்டியது. சட்டென்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அவர் டீக்கடைக்குப் போகிறதையே நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. கடையில் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் டாக்டரிடம் சொல்லி, மாத்திரையின் அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கு வேறொன்று சேர்த்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் மாத்திரையை ஒளித்துவைத்ததில்லை. உன் வார்டுப் பையன் எதற்காக நிறுத்தினான் என்று அவனையே கேட்டாயா?

மாத்திரை குரலைத்தான் அடக்கியது. ஊரை என்ன செய்வது? நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கும் வேலையை அவருக்குக் கேட்டு வாங்கினோம். முதல் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகிறார், ஒருத்தரும் வாங்கவில்லை. உச்சி வெயில், நாக்கு வறண்டு கிடக்கிறது, அப்படியும் வேண்டாம் என்கிறார்கள். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். மேலத்தெரு அப்பாயிதான், "ஏண்டா, எனக்கு ஊத்த மாட்டியா" என்று அதட்டி, இரண்டு கையையும் குவித்துக் குடித்தது. இன்னும் ஊத்து என்று மறுபடியும் குடித்தது. அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். அந்த அப்பாயி செய்த வைத்தியத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் சீட்டு எழுதித் தர மாட்டார்கள்.

ஊனச் சான்றிதழுக்குப் போனபோது நாலு விஷயம் கேட்டு மார்க் போட்டார்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, மற்றவர்களோடு பழகுகிறாரா, பேச்சு புரிகிறதா, வேலை செய்கிறாரா. ஊனம் 40 சதவீதமாவது இருந்தால்தான் சான்றிதழ். கிடைத்தது, உதவித்தொகை வருகிறது, பாஸ்புக் அவர் பேரிலேயே. நூறு நாள் வேலைச் சம்பளம் வந்த முதல் வாரம் டீக்கடையில் நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்தார். அவர் பழகுகிறாரா என்று கேட்ட டாக்டர், அவரோடு பழக யாராவது தயாரா என்று ஒரு கேள்வி கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உன் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு "அவனைக் கூட்டிட்டு வராதீங்க" என்று சொன்னபோது நானும் சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன். அது என் தப்பு.

போன தடவை வந்தபோது நீதானே சொன்னாய், அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற டாக்டர் 1950களில் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளியின் வீட்டாரையும் கூடவே தங்கவைத்தார் என்று. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலும் 1957-லிருந்து வீட்டார் கூடத் தங்கித்தான் வைத்தியம் என்றாய். அப்பா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்களையும் யாராவது அப்படிக் கூட உட்காரவைத்து, இது இந்த நோய், இத்தனை நாள் ஆகும், கை நடுங்கினால் வந்து சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தத் தூண் வெறும் தூணாகவே இருந்திருக்கும்.

அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. எந்த ஊர், எத்தனை பஸ், யார் கூலி போகிறது, வீட்டில் யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, தெருவில் அவனோடு யார் பேசுகிறார்கள், எல்லாம் கேள். அவங்க ஊர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதிக் கொடு. திட்டாதே. திட்டினால் அடுத்த தடவை பொய் சொல்லப் பழகிவிடுவார்கள். நாங்கள் சொல்லியிருக்கிறோம்.

சரி, இன்னொன்று. சித்தப்பாவுக்குப் போன வாரம் சர்க்கரை பார்த்தோம், வெறும் வயிற்றில் 148. ஒரு வருஷத்தில் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு வயிறு போட்டுவிட்டது. அந்த மாத்திரையால் இப்படி ஆகுமா? மாற்றலாமா, அல்லது இதையே போட்டுக்கொண்டு சர்க்கரைக்குத் தனியாகப் பார்க்கணுமா? உங்க பெரிய டாக்டரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். அடுத்த வாரம் நாங்கள் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அதுவரை டீயில் சீனி போடாதே என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். நீ சொன்னால் கேட்பார்.

அம்மா