எட்டு மணிக்கு எண்ணுனா பன்றி வருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம், நாங்க நுவரெலியா ராகலை பக்கம் தேயிலத் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால கொஞ்சம் கிழங்கும் லீக்ஸும் போடுறோம், ராத்திரி காட்டுப்பன்றி கூட்டமா வந்து மூக்காலேயே பாத்திய பொரட்டிப் போட்டுட்டுப் போகுது, திங்கிறதவிட மிதிச்சு நாசமாக்குறதுதான் அதிகம். கிழங்கு போனாக்கூட பரவால்ல, மேல்மண்ணு கெளறிக் கெடக்கு, ஒரு மழ பேஞ்சா அம்புட்டும் வடிகான்ல போயிருது, இந்தச் சரிவுல அத யாரு திருப்பித் தருவா.

2025 மார்ச் 15ஆம் திகதி இலங்கை பூரா பயிர அழிக்கிற மிருகங்கள எண்ணச் சொன்னாங்களே, காலைல 8 மணிக்கு அஞ்சே நிமிஷம், கொரங்கு மயிலுக்கு அது சரி, இருட்டுனதுக்குப் பொறவு வர்ற பன்றிய அந்நேரம் எங்க போயி தேட?

சில பேரு கம்பில சுருக்கு வைக்கிறாங்க, அதுல சிறுத்ததான் மாட்டுது, 2020 மே மாசம் நல்லதண்ணிங்கிற ஊர் பக்கம் கருஞ்சிறுத்த மாட்டி செத்தது ஞாபகம் இருக்கும்தானே (பன்றியத் தின்னு கொறைக்கிறதே சிறுத்ததான், அதையும் கொன்னுட்டா?). களவா கரண்ட் குடுக்கிறது இன்னும் மோசம், மனுசனே செத்துருவான்.

தனித்தனியா வேலி போட எங்களுக்கு வசதி இல்ல, தோட்ட நிர்வாகமும் விவசாயத் திணைக்களமும் சேந்து காட்டோரமா ஒரே வேலியா போட்டுக் குடுத்தா காவல் நாங்க மொற வச்சிப் பாத்துக்குவோம்.

இப்படிக்கு,
ராகலை வாசகர்