அம்மாவின் வலப்பக்கம்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

ஆடி மாதம் பிள்ளைகளோடு வருவதாக நீ எழுதியதில் அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். அந்த நேரம் இங்கே கச்சான் காற்று உரமாக அடிக்கும். ஆகவே வீட்டு நடப்பைத் தெரிந்துகொண்டு வா.

முதலில் உன் கேள்வி: அம்மாவின் வலப்பக்க முகவலிக்கு அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் என்ன? பிடுங்கக் கூடாது. வலி பல்லில் இல்லை, முகத்து நரம்பில் (ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பார்கள்). முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் ஐந்தாம் மண்டை நரம்பு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கிளையாகப் பிரிகிறது: நெற்றி, கண்ணுக்கு ஒன்று, கன்னம், மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் அந்த நரம்பின் வேரை இரத்தக் குழாயொன்று அழுத்தி, நரம்பின் மேலுறை தேய்வதுதான் பெரும்பாலும் காரணம். அம்மாவுக்கு வலப்பக்கத்து இரண்டாம், மூன்றாம் கிளைகள். பல்லுக்கும் அவற்றிலிருந்தே நரம்பு போவதால் வலி பல்வலி மாதிரியே தெரியும். நல்ல பல்லை வீணாய் இழந்தவர்கள் இந்த நோயில் அநேகம்.

அழுத்திப் பிடிப்பதைவிட மெல்லப் படுவதுதான் இந்த வலியைக் கிளப்பும். கன்னத்தில் விழும் ஒரு முடி, நுளம்பு வலையின் நுனி, ஃபான் காற்று, இவை போதும். மின்சாரம் அடித்தது போல் வெட்டும். சில விநாடி, கூடினால் இரண்டு நிமிடம். அந்த நேரம் அம்மா பேச்சை நிறுத்தி அப்படியே இருப்பா. நீயும் பேசாமல் இரு. தண்ணீர் நீட்டாதே, தைலம் பூசாதே, “என்னம்மா, என்னம்மா” என்று கேட்காதே. பதில் சொல்ல வாயை அசைத்தால் அடுத்த வெட்டு வரும். ஃபானை மட்டும் நிறுத்து. விட்டதும் அவவே கையைக் காட்டுவா. அடித்து ஓய்ந்த கையோடு நரம்பு சற்று நேரம் அடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் இரண்டு வாய் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டில்தான் நீ கூடக் கவனிக்க வேண்டும். இடியப்பத்தைச் சொதியில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிசைந்து கொடுத்தால் மெல்லத் தேவையில்லை. புட்டு வேண்டாம், எவ்வளவு குழைத்தாலும் குறுணி பல்லிடுக்கில் நின்று நாக்கால் துழாவ வைக்கும். பாண் என்றால் ஓரத்தை வெட்டிப் பாலில் ஊறவை. மீனை முள் நீக்கி உதிர்த்து, குழைந்த சோற்றிலும் பருப்பிலும் கலந்துவிடு. முருங்கைக்காய் இப்போதைக்கு மற்றவர்களுக்கு மட்டும். சூடும் குளிரும் இரண்டுமே ஆகாது. கறியைக் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார், சுடவோ குளிரவோ கூடாது. தேக்கரண்டியை இடப்பக்கத்தால் கொடு. ஸ்ட்ரோ சிலருக்கு உதவும். உறிஞ்சக் கன்னம் இழுபடுவதால் அம்மாவுக்குச் சரிவராது, வாயகன்ற பேணிதான் நல்லது. வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதுதான் பெரிய ஆபத்து, உடம்பு வற்றிவிடும். மூன்று நேரத்தை ஆறாகப் பிரித்துக் கொடு.

பல் தீட்டக் குழந்தைப் பிள்ளைகளின் மெல்லிய பிரஷ், இளஞ்சூட்டுத் தண்ணீர். முடியாத நாளில் உப்புத் தண்ணீரால் கொப்பளித்தால் போதும். முகத்தைத் துடைக்காமல் ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். பொட்டு வைக்கலாம், நெற்றிக் கிளைக்கு ஒன்றுமில்லை.

மருந்து கார்பமசெபின், 200 மில்லிகிராம் குளிசை, காலை, மதியம், இரவு. பரசிட்டமோல் இந்த வலிக்குக் கேட்காது, அதை வாங்கி அடுக்காதே. நீ அங்கிருந்து கொண்டுவருவதாகச் சொன்னது மெல்லக் கரையும் வகை. இரண்டும் ஒன்றல்ல, கிளினிக்கில் கேட்காமல் மாற்றக் கூடாது. நம் ஊர்க் கடற்காற்றில் இன்னொரு சிக்கல்: ஈரம் குடித்து இறுகினால் இந்தக் குளிசையின் பலன் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். குளியலறையிலும் குசினியிலும் வைக்காதே. இறுக மூடிய போத்தலில், படுக்கையறை அலுமாரியில் இருக்கிறது. ஒரு நேரம் தவறினால் நினைவு வந்ததும் கொடு. அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடு, இரண்டாய்ச் சேர்த்துக் கொடுக்காதே. வலி இல்லையென்று திடீரென்று நிறுத்தவும் கூடாது.

தலைச்சுற்றும் தள்ளாட்டமும் இந்த மருந்தோடு வரும். இரவில் கழிப்பறைக்கு எழும்பினால் கூடப் போ. குமட்டல், தலையிடி, நிதானம் தப்பிய பேச்சு இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். பிரஷருக்கு நீர்போகும் குளிசையும் எடுப்பதால் அம்மாவுக்கு அது கூடுதலாக வாய்க்கும். வெயிலென்று லீற்றர் கணக்கில் தண்ணீர் ஊற்றிவிடாதே. தோலில் தடிப்பு, வாய்ப் புண், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி. மருந்து தொடங்கிய முதல் சில மாதத்தில் அதற்குத்தான் பயம். இருமலுக்கு பார்மசியில் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் தந்தால் வாங்காதே. அவை இந்த மருந்தின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். கிரேப்ஃபுரூட்டும் அப்படித்தான், அதன் இனம் என்பதால் ஜம்போலாவையும் விட்டுவிடுவோம்.

கோணேசர் கோயிலுக்குப் போக உனக்கு ஆசை. சுவாமிமலை உச்சியில் காற்றுக்குத் தடுப்பே இல்லை. அம்மாவையும் கூட்டிப் போவதென்றால் காற்று எழும்பமுன், விடியப்புறம் போவோம். ஆட்டோவில் நடுவில் இருத்தி, இரு பக்கமும் மழைச் சீலையை இறக்கிவிடு. முகத்தில் சால்வை சுற்றினால் காற்றில் அசைந்து அதுவே உரசும். வீட்டிலேயே இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குடைதான். வீட்டில் மேல் ஃபான் வேண்டாம். நிற்கும் ஃபானைக் கால்மாட்டில் சுவரைப் பார்த்துத் திருப்பி வை.

பேரப்பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவை: அம்மம்மாவைக் கொஞ்சுவதென்றால் இடக் கன்னத்தில், அவ குனிந்து கொடுத்தால் மட்டும். பின்னாலிருந்து கழுத்தைக் கட்டக் கூடாது. கதை கேட்டால் அவ சொல்லாமல் இருக்கலாம், அது கோபமில்லை. தாங்கள் வாசித்துக் காட்டட்டும். வீடியோவிலும் ஆமா, இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடியதாகக் கேள்.

சத்திர சிகிச்சை பற்றி நீ வந்தபின் கதைப்போம். குழாய்க்கும் நரம்புக்கும் இடையில் பஞ்சு போன்ற சிறு துண்டு வைத்துப் பிரிக்கும் முறை உண்டு, ஊசியால் நரம்பைச் சுடுவதும் உண்டு. மருந்து கேட்கும்வரை அவசரமில்லை. எம்ஆர்ஐ படம் என்னிடம் இருக்கிறது.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் வருவேன். வான் வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம் ஏசிக் காற்று அம்மாவுக்கு ஆகாது. வரும்போது அந்தக் குழந்தை பிரஷில் ஒரு பெட்டி வாங்கி வா, இங்கே கிடைப்பது கொஞ்சம் முரடு.

அன்புடன்,
அப்பா